புல் யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து மாட்டு மன்னர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஜார்ஜ் லேன் என்ற ரான்ச்சர் (பெரிய மேய்ச்சல் வெளியில் மாட்டு மந்தை வளர்ப்பவர்) 1913ல் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, சில வாரங்களில் விலகிவிட்டார் என்று அதில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஜெயித்த பிறகு பதவியை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? லேன் விஷயத்தில் நடந்தது என்ன? (மதுரை)

1913 ஏப்ரலில் நடந்த மாகாணத் தேர்தலில் லிபரல் கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது. முதல்வர் ஆர்தர் சிஃப்டன். ஆனால் அவருடைய அமைச்சர் சார்லஸ் மிட்செல், மெடிசின் ஹாட் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் நெல்சன் ஸ்பென்சரிடம் தோற்றுப்போனார். அமைச்சராகத் தொடர வேண்டுமானால் சபையில் ஓர் இடம் வேண்டும். போ வேலி தொகுதியில் லிபரலாக ஜெயித்திருந்த லேன் விலகினார், இடைத்தேர்தலில் மிட்செல் அங்கே நின்று உள்ளே வந்தார். பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய சபைகளில் இது அன்றைக்குச் சாதாரண ஏற்பாடு.

லேன் ஒரு நாள்கூடச் சபையில் உட்காரவில்லை. அதனால் அவரை 'அரசியல்வாதி' என்று அழைப்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஆனால் ஒரு மாட்டுக்காரர் பெயரைப் போட்டால் தொகுதி கைக்கு வரும் என்று கட்சி நம்பியது, அந்தப் பெயரின் எடையை லேனும் அறிந்திருந்தார். கவனிக்க வேண்டியது இதைத்தான்.

யார் இந்த ஜார்ஜ் லேன்? பரம்பரைப் பணக்காரரா? (விருதுநகர்)

கூலிக்கு வந்தவர். 1856ல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தார். மான்டனாவில் மாடு மேய்த்துத் தொழில் பழகினார். 1884ல் ஆல்பர்ட்டாவின் பார் யூ ரான்ச்சுக்கு மேஸ்திரியாக எடுக்கப்பட்டபோது சம்பளம் மாதம் 35 டாலர். பார் யூவை நடத்திய நார்த் வெஸ்ட் கேட்டில் கம்பெனிக்குப் பணம் போட்டவர்கள் மான்ட்ரியாலின் ஆலன் கப்பல் குடும்பத்தார், களத்தில் நிர்வாகம் பார்த்தவர் ஃப்ரெட் ஸ்டிம்சன். சில ஆண்டுகளில் லேன் வேலையை விட்டார், மாடு வாங்கி விற்றார், ஃப்ளையிங் ஈ என்ற ரான்ச்சைச் சொந்தமாக்கிக்கொண்டார். 1902ல் வின்னிபெக்கின் மாட்டு ஏற்றுமதியாளர்களான கார்டன், ஐயர்ன்சைட் அண்ட் ஃபேர்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, தான் சம்பளம் வாங்கிய அதே பார் யூவை 2,20,000 டாலருக்கு வாங்கினார். 1912ல் பாட் பர்ன்ஸ், ஏ. இ. கிராஸ், ஆர்ச்சி மக்லீன் ஆகிய மூவரோடு தலைக்கு 25,000 டாலர் வீதம் ஒரு லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்று, முதல் கால்கரி ஸ்டாம்பீடை, அதாவது மாட்டுக்காரர்களின் குதிரைச் சாகசத் திருவிழாவை, நடத்திவைத்தார். இறந்தது 1925ல்.

இந்த நால்வரையும் ஊர் 'பெரிய நால்வர்' என்று அழைத்தது. நால்வருமே ஏதோ ஒரு கட்டத்தில் சட்டம் இயற்றும் சபைக்கு அனுப்பப்பட்டவர்கள். லேனும் மக்லீனும் மாகாணச் சபைக்கு, கிராஸ் அதற்கு முந்தைய பிரதேசச் சபைக்கு, பர்ன்ஸ் 1931ல் கனடாவின் மத்திய அரசு இருக்கும் ஒட்டாவாவின் செனட்டுக்கு.

ரான்ச் என்பதைப் 'பண்ணை' என்று எழுதக் கூடாதா? ஏன் ஆங்கிலச் சொல்லையே போடுகிறீர்கள்? (தஞ்சாவூர்)

பண்ணையார் என்றால் நிலம் உள்ளவர் என்பது நம் காதில் உடனே விழும் பொருள். ஆரம்பகால ஆல்பர்ட்டா ரான்ச்சரிடம் மாடு இருந்தது, குதிரை இருந்தது, மாடு யாருடையது என்று காட்டும் குறியைச் சுட்டுப் பதிக்கும் சூட்டுக்கோல் இருந்தது. நிலம் பெரும்பாலும் அரசுடையது. அவர் பிழைத்தது அரசுப் புல்லில்.

1881 டிசம்பரில் ஒட்டாவா போட்ட உத்தரவு இதற்கு அடிப்படை. ஒருவரோ ஒரு கம்பெனியோ 1,00,000 ஏக்கர் வரை 21 ஆண்டுக் குத்தகை எடுக்கலாம். வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு சென்ட், அதாவது முழு ஒரு லட்சம் ஏக்கருக்கும் ஆயிரம் டாலர்தான். மூன்று ஆண்டுக்குள் பத்து ஏக்கருக்கு ஒரு மாடு வீதம் நிரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. கேட்கும்போது தானமாகத் தோன்றும். ஆனால் ஒரு லட்சம் ஏக்கருக்குப் பத்தாயிரம் மாடு வாங்க எவ்வளவு முதல் வேண்டும் என்று கணக்குப் போட்டால், இது ஏழைக் குடியானவனுக்கான சட்டம் இல்லை, மான்ட்ரியாலிலும் லண்டனிலும் பங்கு விற்கக்கூடிய கம்பெனிக்கான சட்டம் என்பது தெரிந்துவிடும். செனட்டர் மேத்யூ காக்ரேனின் ரான்ச், பார் யூ, ஆக்ஸ்லி, வால்ரோண்ட் எல்லாம் அப்படி முளைத்தவை.

பத்து ஏக்கருக்கு ஒரு மாடு என்ற கணக்கும் மேஜையில் போட்டது. மலையடிவாரத்தில் நல்ல புல் உள்ள இடத்தில்கூட, ஆண்டு முழுவதும் மேய்வதற்கு ஒரு மாட்டுக்கு 20 ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். கிழக்கே வறண்ட சமவெளிக்குப் போகப் போக அது 40, அதற்கு மேலும் ஆகும். சட்டம் சொன்ன அளவுக்கு நிரப்பியவர்களின் புல் சீக்கிரமே தேய்ந்தது.

அந்தக் குத்தகை ஏன் நிலைக்கவில்லை? (கரூர்)

குடியேற்றம். 1872ன் நிலச் சட்டப்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்தி, அங்கேயே குடியிருந்து, ஒரு பகுதியை உழுது காட்டியவருக்கு 160 ஏக்கர் சொந்தமாகும். ஒட்டாவாவுக்கு வேண்டியது மாடு அல்ல, குடும்பங்கள். 1892ல் பழைய குத்தகைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது: 1896 முடிவோடு ரத்து, பத்தில் ஒரு பங்கை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பத்தில் ஒரு பங்கை எங்கே வாங்கினார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். ஊற்று, ஓடை, ஆற்றங்கரை. நீர் யார் கையிலோ, சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் புல்லும் நடைமுறையில் அவர் கையில். இதைத் தெரிந்துகொண்டுதான் குடியேறிகளும் நேராக ஊற்றடியில் வந்து குடிசை போட்டார்கள். 1886 முதல் அரசு சில நீர்நிலைகளைக் கால்நடைக்கென ஒதுக்கிவைத்ததும், அந்த ஒதுக்கீட்டுக்காகப் பத்தாண்டுக்கு மேல் சண்டை நடந்ததும் இதனால்தான். வரைபடத்தில் சின்னப் புள்ளியாக இருக்கும் ஊற்றுதான் ஒரு ரான்ச்சின் உயிர்.

மாகாண சட்டமன்றத்தில் உட்கார்ந்து ரான்ச்சர்கள் இந்தக் குத்தகைகளை நீட்டித்துக்கொள்ள முடியவில்லையா? அதற்குத்தானே அரசியல்? (சென்னை)

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சபைக்கு நிலத்தின் மீது அதிகாரமே கிடையாது.

ஆல்பர்ட்டா 1905 செப்டம்பர் 1ல் மாகாணமானபோது, ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் இருந்த நில உரிமை அதற்குத் தரப்படவில்லை. அரசு நிலம், கனிமம் எல்லாம் ஒட்டாவா கையில். பதிலுக்கு மாகாணத்துக்கு ஆண்டு மானியம். 1930ல்தான் உரிமை கைமாறியது. லேன் ஜெயித்த 1913ல், அவருடைய மாடு மேய்ந்த புல்லைப் பற்றி மாகாணத் தலைநகர் எட்மன்டனில் உள்ள சபையில் யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. குத்தகைக்காக அலைந்தவர்கள் ஒட்டாவாவின் உள்துறை அலுவலகத்துக்குத்தான் நடந்தார்கள். சொறிநோய்த் தடுப்பு, ரயில், ஏற்றுமதி, சுங்கம் இவையும் அங்கேதான்.

மாகாணத்திடம் மிச்சம் இருந்தவையும் சின்ன விஷயங்கள் அல்ல. மாட்டுச் சூட்டைப் பதிவு செய்வதும், சூட்டை மாற்றுகிறவனைத் தண்டிப்பதற்கான பதிவேட்டு ஆதாரமும் மாகாணப் பொறுப்பு. வழிதவறிய மாட்டை யார் பிடிக்கலாம், எத்தனை நாள் பட்டியில் வைக்கலாம், எப்படி ஏலம் விடலாம் என்பதும் அப்படியே. திறந்தவெளியில் பொலிகாளை, பொலிகுதிரை திரியலாமா என்பது இன்னொன்று. மட்டமான காளை ஒன்று திரிந்தாலே பக்கத்துக்காரரின் விலையுயர்ந்த பசுக்களின் அடுத்த ஆண்டுக் கன்றுகள் கெட்டுவிடும். சாலை, பாலம், ஊராட்சி வரி எல்லாமே மாகாணம்தான்.

இவற்றில் முக்கியமானது வேலிச் சட்டம். பயிர்க்காரர் தன் வயலைச் சுற்றி வேலி போட்டு மாட்டை வெளியே நிறுத்த வேண்டுமா, மாட்டுக்காரர் தன் மாட்டை உள்ளே கட்டிக் காக்க வேண்டுமா? முதலாவது சட்டமாக இருக்கும் வட்டாரத்தில் ரான்ச் பிழைக்கும். இரண்டாவது வந்தால், அயலானின் கோதுமையில் இறங்கிய ஒவ்வொரு மாட்டுக்கும் மாட்டுக்காரர் நஷ்டஈடு தர வேண்டும். எந்த வட்டாரத்தில் எது என்பது அங்கே குடியிருப்பவர்களின் கோரிக்கையைப் பொறுத்தது. அதாவது தலை எண்ணிக்கை.

தலைகள் எப்படிப் பெருகின? ஆல்பர்ட்டாவின் மக்கள்தொகை 1901ல் 73,022. 1911ல் 3,74,295. வந்தவர்களில் பெரும்பாலோர் உழுபவர்கள். பத்தாண்டில் ரான்ச்சர் என்பவர் வாக்காளர்களில் ஒரு துளியாகிவிட்டார். ரான்ச்சர்கள் மட்டும் ஓட்டுப் போட்டால் அவர் தோற்பார். ஆகவே தேர்தலில் நின்ற ரான்ச்சர், தன்னை வெளியேற்ற வந்தவர்களின் ஓட்டைக் கேட்டே ஜெயிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் உண்மையிலேயே ஆட்சி செய்த ரான்ச்சர் யாருமே இல்லையா? (ஈரோடு)

ஆர்ச்சிபால்டு மக்லீன். ஒன்டாரியோவில் பிறந்து மேற்கே வந்தவர். டேபர் அருகே சி ஒய் ரான்ச்சை நடத்தினார். 1909ல் லெத்பிரிட்ஜ் வட்டாரத் தொகுதியிலிருந்து சபைக்குப் போனார். 1910ல் ஒரு ரயில் கம்பெனிக்கு மாகாணம் கொடுத்த கடன் உத்தரவாதம் பெரும் சர்ச்சையாகி, முதல்வர் ரதர்ஃபோர்டு விலகினார். தலைமை நீதிபதியாக இருந்த சிஃப்டன் முதல்வராக வந்தார். அவருடைய அமைச்சரவையில் மக்லீன் மாகாணச் செயலர் ஆனார். கம்பெனிப் பதிவு, மோட்டார் வண்டி உரிமம் போன்ற காகித வேலைகளின் இலாகா அது. குதிரைமேல் வாழ்ந்தவர் கையில் மோட்டார் வண்டிப் பதிவு! 1913லும் 1917லும் டேபர் தொகுதியில் ஜெயித்து, பிறகு பொதுப்பணித் துறைக்குப் போனார். 1921ல் ஐக்கிய விவசாயிகள் கட்சி 61 இடங்களில் 38ஐப் பிடித்து ஆட்சியைக் கைப்பற்றிய அலையில் தோற்றார். மேலே சொன்ன தலை எண்ணிக்கை அங்கே முழுமையாக வேலை செய்துவிட்டது.

ஏ. இ. கிராஸ் இவருக்கு முன்னோடி. கால்நடை மருத்துவம் படித்து, 1884ல் காக்ரேன் ரான்ச்சில் வேலைக்கு வந்து, பிறகு ஏ7 ரான்ச்சைத் தொடங்கியவர். 1892ல் கால்கரியில் பீர் ஆலை வைத்தார். 1898ல் கிழக்குக் கால்கரியிலிருந்து வடமேற்குப் பிரதேசச் சபைக்குத் தேர்வானார், ஒரு தவணையோடு நிறுத்திக்கொண்டார். நால்வரில் தொழிலைப் பல கூடைகளில் பிரித்து வைத்தவர் இவர்தான். ஏ7 இன்றும் அவருடைய வாரிசுகள் கையில் இருப்பதற்கு அது ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

மாட்டுக்குச் சூடு போடுவது எப்படி? தவறாகப் போட்டால் என்ன ஆகும்? (காங்கேயம்)

வசந்தத்தில், மே இறுதியிலும் ஜூனிலும், இரண்டு மூன்று மாதக் கன்றாக இருக்கும்போது போடுவார்கள். முதலில் மந்தையைத் திரட்ட வேண்டும். வேலியே இல்லாத காலத்தில் பல ரான்ச்சுகளின் மாடுகள் கலந்து மேய்ந்ததால், எல்லாரும் சேர்ந்தே திரட்டினார்கள். 1885ல் தெற்கு ஆல்பர்ட்டாவில் நடந்த பெரிய திரட்டலில் சுமார் 100 சவாரிக்காரர்கள், 15 சமையல் வண்டிகள், 500 குதிரைகள், 60,000 மாடுகள் என்று கணக்கு. அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டி மேய்க்க முடியாது, மாடு மிதித்தே புல் வீணாகும் என்று அடுத்த ஆண்டுகளில் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒருவர் குதிரைமேல் இருந்தபடி சுருக்குக் கயிற்றை வீசிக் கன்றின் பின்னங்கால் இரண்டையும் பிடித்து நெருப்பருகே இழுத்து வருவார். தரையில் இருவர். ஒருவர் கழுத்தில் முழங்காலை ஊன்றி முன்னங்காலை மடக்கிப் பிடிப்பார். மற்றவர் பின்னால் உட்கார்ந்து, மேல்காலைக் கையால் இழுத்து, கீழ்க்காலைத் தன் பாதத்தால் முன்னே தள்ளி நிறுத்துவார். இந்தப் பின்பக்கப் பிடி தளர்ந்தால் கன்று உதைக்கும், சூடு இழுபட்டு இரட்டையாக விழும்.

கோல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் நுணுக்கம். செக்கச்சிவந்த கோல் கூடவே கூடாது. அது முடியைத் தீப்பிடிக்க வைத்து, எழுத்தின் ஓரத்தைக் கலைத்துவிடும். சிவப்பு அடங்கிச் சாம்பல் நிறம் வந்ததும் எடுத்து, மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்தி, லேசாக அசைத்து எடுக்க வேண்டும். தோல் புதுச் சேணத்தின் பழுப்பு நிறத்துக்கு வந்தால் சரி. கோல் ஆறிப்போயிருந்தால் முடி மட்டும் கருகி, ஆறு மாதத்தில் மறைந்துவிடும். மழையில் நனைந்த கன்றுக்குப் போடவே கூடாது. நீர் ஆவியாகி எழுத்தைச் சுற்றியும் வேகவைத்துவிடும், பிறகு அது எழுத்தாக இராது, வெறும் தழும்பு.

இரும்பின் முகம் கால் அங்குலத்துக்குக் குறைந்தால் வெட்டும். A போல மூலை மூடிய எழுத்தில் சூடு நடுவில் தேங்கி முழுதும் வெந்துவிடும், அதனால் கொல்லர் மூலையில் சிறு இடைவெளி விடுவார். கன்றுக்கு மூன்று நான்கு அங்குல எழுத்துப் போதும், மாட்டோடு அதுவும் வளரும்.

எந்தச் சூட்டைப் போடுவது என்பதைத் தாய்தான் தீர்மானிக்கும். கன்று எந்தப் பசுவின் பின்னே ஓடுகிறதோ, அந்தப் பசுவின் சூட்டைக் கயிற்றுக்காரர் உரக்கச் சொல்லுவார், நெருப்பருகே இருப்பவர் அந்தக் கோலை எடுப்பார், கணக்கர் ஒரு கோடு போடுவார். கயிறு, கோல், கணக்கு மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் சந்தேகப்படு என்பது அந்த ஊரில் பாலபாடம். கூடவே காதில் அடையாள வெட்டும், ஆண் கன்றுக்குக் காயடிப்பும் அந்த ஒரே கிடப்பில் முடிந்துவிடும்.

சூட்டை எப்படிப் படிப்பது? (அறந்தாங்கி)

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். U மேல் கோடு இருந்தால் பார் யூ. எழுத்துக்கு இறக்கை வரைந்தால் ஃப்ளையிங். எழுத்து படுத்திருந்தால் 'சோம்பேறி' என்று பெயர். மாட்டின் இடப்புறமா வலப்புறமா, தோளா விலாவா தொடையா என்பதும் பதிவில் சேர்ந்தது. ஒரே எழுத்து வேறு இடத்தில் இருந்தால் வேறு ஆளின் மாடு.

1906–07 குளிர்காலத்தில் மாடுகள் செத்தன, குதிரைகள் பிழைத்தன என்று எழுதியிருந்தீர்கள். ஏன்? (உதகமண்டலம்)

குதிரை முன்னங்குளம்பால் பனியைத் தோண்டிப் புல்லை எடுக்கும். காட்டெருமை பெருந்தலையால் பனியை ஒதுக்கும். மாட்டுக்கு இரண்டும் தெரியாது, மூக்கால் தள்ளிப் பார்க்கும். மேலே பஞ்சுப் பனி என்றால் சமாளிக்கும். பனி இறுகிப் பாளமானால் மூக்கும் முன்னங்காலும் கிழிந்து நின்றுவிடும்.

இங்கே சினூக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் வெப்பக் காற்று, சில மணி நேரத்தில் தரையைக் காட்டிவிடும். ஆல்பர்ட்டாவின் மலையடிவாரத்தில் குளிர்காலத்திலும் மாட்டை வெளியில் விடலாம் என்ற நம்பிக்கையே அந்தக் காற்றின்மேல் கட்டியது. முழுதாக அடித்தால் வரம். அரைகுறையாக அடித்தால் சாபம்: மேற்பனி உருகி, இரவில் உறைந்து, புல்லுக்கு மேல் கண்ணாடி மூடி. 1906 நவம்பரிலிருந்தே பனி கொட்டியது, சினூக் கைகொடுக்கவில்லை. பல மந்தைகளில் பாதிக்கு மேல் போயின.

இரண்டாவது காரணம் வேலி. பனிப்புயலில் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே இருக்கும், புகலிடம் கிடைக்கும் வரை நிற்காது. திறந்தவெளியில் இந்த நடைதான் அதைக் காப்பாற்றும். முள்கம்பியும் ரயில் வேலியும் வந்த பிறகு, நடந்த மாடுகள் வேலியோரம் குவிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்தன. இருபத்து நான்கு ஆண்டு முன்பே இந்தப் பாடம் கிடைத்திருந்தது. 1882–83 குளிரில் காக்ரேன் ரான்ச்சின் ஆட்கள், தெற்கே நகர்ந்த மாடுகளைக் குத்தகை எல்லைக்குள் திருப்பி ஓட்டி நிறுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் இழந்தார்கள். அப்போது அது மேலாளரின் பிடிவாதம். 1907ல் நிலமே அப்படிப் பிடிவாதமாகிவிட்டது.

மூன்றாவது, உலர்புல் இல்லாமை. வளர்ந்த பசுவுக்கு நாளைக்குச் சுமார் 25 பவுண்டு. நான்கு மாதத்துக்கு 3,000 பவுண்டு, ஒன்றரை டன். ஐயாயிரம் மாட்டுக்கு 7,500 டன் வெட்டி, உலர்த்தி, போர் போட வேண்டும். அதற்கு வெட்டும் பொறி, ஆள், இழுக்கும் குதிரை எல்லாம் வேண்டும். பெரிய கம்பெனிகள் கோடையில் இந்தச் செலவை மிச்சம் பிடித்தன. மந்தையைக் குறைத்து, ஓடையோரப் புல்லை வெட்டிச் சேர்த்த சிறு ரான்ச்சர்கள் தப்பினார்கள். அந்தக் குளிரோடு திறந்தவெளி மேய்ச்சல் முடிந்தது என்று சொல்வது வழக்கம். முடித்தது குளிர் மட்டும் அல்ல. இழந்த மாட்டைத் திரும்ப வாங்கி விடுவதற்குப் புல் இல்லை, அதற்குள் அது கோதுமை வயலாகியிருந்தது.

மலையடிவாரப் புல்லில் அப்படி என்ன விசேஷம்? (தேனி)

முரட்டு ஃபெஸ்க்யூ என்ற கொத்துப்புல். மே, ஜூனில் வளர்ந்து, நின்ற நிலையிலேயே உலர்ந்து, சத்தைப் பெரும்பாலும் இழக்காமல் குளிர்காலம் முழுவதும் நிற்கும். இயற்கையே போட்டு வைத்த வைக்கோல்போர் மாதிரி. ஆனால் வளரும் பருவத்தில் மேய்த்தால் தாங்காது. சில ஆண்டுகள் தொடர்ந்து கோடையில் மேய்த்தால், கொத்துகள் செத்து மட்டமான புல்லும் களையும் ஏறும். தெரிந்தவர்கள் கோடையில் மந்தையை மேலே மலைக்கு ஏற்றி, அடிவாரத்தைக் குளிருக்கு மிச்சம் வைத்தார்கள்.

சொறிநோய்க்கு மாட்டை முக்கினார்களாமே, எதில்? (நாமக்கல்)

சுண்ணாம்பும் கந்தகமும் கொதிக்க வைத்த நீரில். 100 காலனுக்குக் கந்தகம் 24 பவுண்டு, சுட்ட சுண்ணாம்பு 10 முதல் 12 பவுண்டு. முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, வண்டலைத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் மாட்டின் கண்ணும் தோலும் புண்ணாகும்.

ஆழமான நீளத் தொட்டி, ஒரு முனையில் சறுக்கல், மறுமுனையில் படி. மாடு விழுந்து நீந்தி ஏறும். தலையும் ஒரு முறை முழுக வேண்டும், கவைக்கோலால் அழுத்துவார்கள். நீர் சுமார் 105 பாரன்ஹீட் இருக்க வேண்டும். ஆறினால் பொருக்குக்குள் மருந்து இறங்காது. ஒரு முறை முக்கினால் போதாது. பூச்சி சாகும், முட்டை சாகாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, முட்டை பொரிந்து புதுப்பூச்சி முட்டையிடும் முன் மறுமுழுக்கு. 1904ல் ஒட்டாவா இதைக் கட்டாயமாக்கியது. ஒருவர் மட்டும் முக்கி அயலார் முக்காவிட்டால் பயன் இல்லை என்பதால், கட்டாயம் வேண்டும் என்று கேட்டவர்களில் ரான்ச்சர்களும் உண்டு.

லேன் கடைசியில் குதிரை வியாபாரி ஆனது ஏன்? (சேலம்)

மாட்டைக் குடியேறிகள் துரத்தினார்கள். அந்தக் குடியேறிகளுக்கே கன்னி நிலத்தைக் கிழிக்க இழுவைக் குதிரை வேண்டியிருந்தது. லேன் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டார். பிரான்சின் பெர்ச்சரான் இனம், வளர்ந்தால் ஒரு டன் எடை வரை வரும், கால்களில் நீண்ட ரோமம் இல்லாததால் சேற்றில் பராமரிப்பு எளிது. 1909ல் பிரான்சிலிருந்தே பெட்டைக் குதிரைகளை இறக்கினார். பார் யூவின் பெர்ச்சரான் கூட்டம் உலகப் புகழ் பெற்றது. 1919ல் வேல்ஸ் இளவரசர் அங்கே வந்து, பார்த்த கையோடு பக்கத்து ரான்ச்சையே வாங்கிவிட்டார்.

கோதுமையிலும் பெரிய அளவில் இறங்கினார். போருக்குப் பின் விலை விழுந்தது, வறட்சியும் சேர்ந்தது, டிராக்டரும் வந்தது. கடன் ஏறியது. அவர் இறந்த பின் 1927ல் பார் யூ பாட் பர்ன்ஸ் கைக்குப் போனது.

பார் யூவில் அமெரிக்கக் கொள்ளைக்காரர் சன்டான்ஸ் கிட் வேலை பார்த்தது நிஜமா? (புதுச்சேரி)

நிஜம். 1890களின் தொடக்கத்தில், ஹாரி லாங்கபாக் என்ற சொந்தப் பெயரில், குதிரை பழக்குபவராக.

அவரைவிட நினைவில் வைக்க வேண்டியவர் ஜான் வேர். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். 1882ல் பார் யூவின் முதல் மந்தையை அமெரிக்காவிலிருந்து ஓட்டிவந்த குழுவில் வந்து, பிறகு சொந்த ரான்ச் வைத்தார்.

ஒட்டாவா குத்தகைக்கு விடும் முன் அந்தப் புல் யாருடையது? (திருவண்ணாமலை)

சிக்சிகா, கைனாய், பீகானி, சூட்டினா, ஸ்டோனி நகோடா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1877ல் அவர்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே ஆண்டில் அவர்கள் உணவான காட்டெருமை அந்த வெளியில் ஏறக்குறைய அற்றுப்போனது. பசியில் இருந்தவர்களுக்கு அரசு கொடுத்த ரேஷன் மாட்டிறைச்சிதான் முதல் ரான்ச்சுகளின் உறுதியான சந்தை. கால்கரிக்கு ரயில் வந்தது 1883ல். அதுவரை, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள், ரேஷன் ஒப்பந்தமும் குதிரைப் போலீசாரின் சமையலறையுமே மாட்டை வாங்கின. 'வெறும் நிலத்தில் தொடங்கினார்கள்' என்று படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ரான்ச்சர் அரசியல்வாதிகள் சபையில் பேசியதைப் படிக்க முடியுமா? ஆய்வுக்காகக் கேட்கிறேன். (கோவை)

ஆல்பர்ட்டா சட்டமன்றத்தில் சொல்லுக்குச் சொல் பதிவு 1972ல்தான் தொடங்கியது. அதற்கு முன் இருப்பது சபையின் நடவடிக்கைக் குறிப்பேடு. தீர்மானமும் ஓட்டும் இருக்கும், பேச்சு இருக்காது. பேச்சுக்கு அந்தக் காலச் செய்தித்தாள்தான் வழி. சட்டமன்ற நூலகம் சேர்த்து வைத்த செய்தி நறுக்குத் தொகுப்பில் மக்லீனைத் தேடலாம். லேனுக்குத் தேட வேண்டாம், ஒன்றும் கிடைக்காது. கிராஸின் கடிதங்களும் கணக்குகளும் கிளென்போ ஆவணத் தொகுப்பில் பெரிய அளவில் உள்ளன, அது இப்போது கால்கரிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. குடியேறிகளின் 160 ஏக்கர் கோப்புகள் எட்மன்டனில் மாகாண ஆவணக் காப்பகத்தில். குத்தகைக் கோப்புகளுக்கு மட்டும் ஒட்டாவாவின் தேசியக் காப்பகத்துக்குத்தான் எழுத வேண்டும். உள்துறையின் தாள்கள் அங்கேதான் தங்கின.